புற்றுநோய் ஆராய்ச்சி: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்த காலத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஓய்வு பெற்று, வீட்டு விறாந்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் கேள்விகள் வர ஆரம்பித்தன. பிள்ளைகள் கேட்பது கொஞ்சம். பிள்ளையை ஏற்ற வரும் தாய்மார் கேட்பதுதான் கூட. டச்பே கடற்கரையில் நடக்கப் போனால் அங்கேயும் ஒருவர் மறித்துக் கேட்பார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. உங்கள் நோய்க்கு என்ன சிகிச்சை என்பதை உங்கள் வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

"புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாம், வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?"

கிழமைக்கு ஒரு தடவையாவது வரும் கேள்வி. இப்படி ஒரு செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: எதில் சோதித்தார்கள்? கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களிலா, எலியிலா, மனிதரிலா? தட்டில் இருக்கும் புற்றுநோய்க் கலத்தைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஊற்றினாலும் அது செத்துவிடும். மனித உடம்புக்குள் போய், நல்ல கலங்களை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் தாக்குவதில்தான் பெரும்பாலான மருந்துகள் தோற்றுப்போகின்றன.

மனிதரில் என்றால் எந்தக் கட்டம் என்று பாருங்கள். முதல் கட்டத்தில் ஒரு சிலருக்குக் கொடுத்து, எவ்வளவு அளவைத் தாங்க முடியும் என்று பார்க்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு வழமையான சிகிச்சையையும் மறுபக்கத்துக்குப் புதியதையும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். "புரட்சி" என்று வரும் தலைப்புகளில் அநேகமானவை எலியில் நிற்பவை.

இன்னொன்று. புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. மார்பகத்தில் வருவதும் இரத்தத்தில் வருவதும் பெயரில்தான் சொந்தக்காரர். "புற்றுநோய்க்கு மருந்து" என்று மட்டும் சொல்லி, எந்தப் புற்றுநோய் என்று சொல்லாத செய்தியை நான் அத்தோடு மூடிவிடுவேன்.

"அப்படியென்றால் நம்பக்கூடிய புதுச் செய்தி ஏதும் இருக்கிறதா?"

இருக்கிறது, நிறையவே. 2018இல் மருத்துவ நோபல் பரிசு ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ இருவருக்கும் கிடைத்தது. நமது நோய் எதிர்ப்புக் கலங்களில் பிரேக் மாதிரி சில புரதங்கள் உண்டு. புற்றுநோய் அந்தப் பிரேக்கை அழுத்திக்கொண்டு தப்பித்துவிடுகிறது. பிரேக்கை விடுவித்தால் உடம்பே சண்டை பிடிக்கும் என்று காட்டியவர்கள் இவர்கள். அதிலிருந்து வந்த மருந்துகள்தான் இன்று "இம்யூனோதெரபி" என்று எல்லோர் வாயிலும் அடிபடுகின்றன.

விலைதான் பிரச்சினை. ஒரு தடவை ஏற்றும் மருந்தின் விலையைக் கேட்டாலே நம்மில் பலருக்குத் தலை சுற்றும். அதனால்தான் எனக்கு மும்பையிலிருந்து வரும் ஆராய்ச்சிகளில் தனிப் பிரியம். டாட்டா நினைவு வைத்தியசாலையில் தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றி, குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த 151 பேரிடம் ஒரு ட்ரயல், அதாவது மனிதரில் செய்யும் பரிசோதனை, செய்தார்கள். நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை வழக்கமாக 240 மில்லிகிராம் அளவில் கொடுப்பார்கள். இவர்கள் மலிவான வாய்வழி மருந்துகளோடு சேர்த்து வெறும் 20 மில்லிகிராமை மூன்று கிழமைக்கு ஒருமுறை கொடுத்தார்கள். வாய்வழி மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதம் அளவில். இதையும் சேர்த்து எடுத்தவர்களில் 43 சதவீதம். முடிவு 2022இல் வெளியானது. மருந்துக் கம்பனி எதுவும் "குறைத்துக் கொடுத்துப் பாருங்கள்" என்று ஆய்வுக்குக் காசு தராது. நோயாளியின் சட்டைப்பையைப் பார்த்த வைத்தியர்கள்தான் அப்படி யோசிப்பார்கள். வாய்ப் புற்றுநோய் ஆண்களிடம் இவ்வளவு காணப்படும் நமது நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி எது?

அதே வைத்தியசாலை முன்னின்று நடத்திய இன்னொரு ஆய்வில், மார்பகக் கட்டியை வெட்டுவதற்குச் சற்று முன், கட்டியைச் சுற்றி லிடோகெயின் என்ற சாதாரண விறைப்பு ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். பல் பிடுங்கப் போடும் அதே வகை மருந்துதான். 1,600 பெண்கள் சேர்ந்த ஆய்வு. ஐந்து வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் ஊசி போடாதவர்களில் 86.4 சதவீதம், போட்டவர்களில் 90.1 சதவீதம்.

பிறகு, கார் டி சிகிச்சை. நோயாளியின் இரத்தத்திலிருந்து எதிர்ப்புக் கலங்களை எடுத்து, மரபணுவை மாற்றி, திரும்ப ஏற்றுவது. அமெரிக்கா 2017இல் முதன்முதலில் அனுமதித்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு வைத்தியசாலையும் உருவாக்கியதை இந்தியா 2023இல் அனுமதித்தது. விலை மேற்கு நாடுகளில் உள்ளதன் பத்தில் ஒரு பங்கு அளவு. அதுவும் நமக்குக் குறைந்த விலை இல்லை. ஆனாலும் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் வரை வந்துவிட்டது.

"டோர்ச் லைட்டால் வாயைப் பார்ப்பதும் ஆராய்ச்சியா?"

ஒரு அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். ஆம், அதுவும் ஆராய்ச்சிதான், மிக நல்ல ஆராய்ச்சி. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கினார்கள். 13 பஞ்சாயத்துகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அந்தப் பணியாளர்கள் வைத்தியர்கள் இல்லை. 2005இல் முடிவு வந்தது: புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் இறப்பது 34 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்கேனும் இல்லை, இயந்திரமும் இல்லை. வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும் மட்டும்தான்.

மும்பையில் வினாகிரியால் இதே மாதிரி ஒன்று. கருப்பைக் கழுத்தில் வினாகிரியின் அமிலத்தைப் பூசினால் மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். பத்தாம் வகுப்புப் படித்த பெண்களுக்கு நான்கு கிழமைப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். ஆய்வில் இருந்தவர்கள் சுமார் 150,000 பெண்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. 2013இல் சிக்காகோவில் நடந்த அஸ்கோ என்ற அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டின் பிரதான மேடையில் இதை வாசித்தார்கள். கோடிக்கணக்கில் கொட்டிச் செய்த மருந்துகளுக்கு நடுவே வினாகிரி. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு குட்டிச் சந்தோசம்.

நம்மூருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள், இரவுக் கடலுக்குப் போகிறவர்களைப் பாருங்கள். நித்திரை வராமல் இருக்க வெற்றிலைதான். வாயில் வெள்ளைத் தடிப்போ சிவப்புத் தடிப்போ, மூன்று கிழமையாகியும் ஆறாத புண்ணோ, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால் அரச வைத்தியசாலையின் பல் கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள். காசும் கேட்க மாட்டார்கள்.

"நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. லியோனில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் பாக்கைத் தனியாகவே முதலாம் குழுவில் போட்டிருக்கிறது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றோடு. சிகரெட்டும் அதே குழுவில்தான். கல்யாண வீட்டுத் தட்டத்தில் வைப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு நித்திரைக்குப் போவதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

"இலங்கையில் ட்ரயல் நடக்கிறதா? அம்மாவைச் சேர்க்க வழி உண்டா?"

நடக்கும் ட்ரயல்களைத் தேட ஒரு இடம் உண்டு. இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகம். 2006 முதல் இயங்குகிறது, உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட பதிவகங்களில் ஒன்று. இணையத்தில் யாரும் போய்ப் பார்க்கலாம், ஆங்கிலத்தில் இருக்கும். உயர்தரம் படிக்கும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும். உலகம் முழுவதும் நடப்பவற்றைத் தேட உலக சுகாதார நிறுவனத்தின் தேடுதளமும் அமெரிக்க அரசின் பதிவகமும் உண்டு, இரண்டும் இலவசம்.

ட்ரயல் ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ஒவ்வொரு ட்ரயலுக்கும் யார் சேரலாம், யார் சேர முடியாது என்று ஒரு பட்டியல் இருக்கும்: நோயின் வகை, கட்டம், வயது, முன்பு எடுத்த கீமோ, சிறுநீரகம் வேலை செய்யும் அளவு. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அம்மாவைப் பார்க்கும் ஒன்கோலஜி வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் பொருந்துமா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

"பரிசோதனை எலியாக்கிவிடுவார்களா?" என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்காகத்தான் 1964இல் ஹெல்சிங்கி பிரகடனம் எழுதப்பட்டது. 2024இல் மீண்டும் திருத்தினார்கள். அதன் சாரம் இதுதான்: நெறிமுறைக் குழு ஒன்று அனுமதிக்காமல் ஆய்வு நடக்கக்கூடாது. என்ன செய்யப்போகிறார்கள் என்று உங்களுக்கு விளங்கும் விதத்தில் சொல்ல வேண்டும். எந்த நேரமும் நீங்கள் விலகலாம், விலகினால் வழமையான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. கையெழுத்து வாங்கும் தாள் தமிழில் இருக்கட்டும் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவே வேண்டாம். சிங்களத்தில் மட்டும் இருந்த தாளில் என் மாமி ஒரு தடவை கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். எந்த வைத்தியசாலை என்று சொல்லப் போவதில்லை. எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டால், "தாதிப் பிள்ளை நல்ல பிள்ளை" என்றார்.

வெறும் சீனி மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்களோ என்றும் கேட்கிறார்கள். நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் புற்றுநோயில் அப்படிச் செய்வதில்லை. ஒரு பக்கத்துக்கு வழமையான சிகிச்சை கிடைக்கும். மறுபக்கத்துக்குப் புதியது அதற்கு மேலதிகமாகவோ மாற்றாகவோ கிடைக்கும். அப்புறம், சேருவதற்கே உங்களிடம் காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

"மிஸ், நான் மெத்ஸ் படிக்கிறேன். எனக்கு இதில் இடமில்லைதானே?"

தம்பி, உனக்குத்தான் இடம் கூட. கதிர்ச் சிகிச்சையில் கட்டிக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில், பக்கத்தில் இருக்கும் முள்ளந்தண்டுக்கு எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்குப் பார்ப்பவர் மருத்துவ பௌதிகவியலாளர். பௌதிகவியலில் பட்டம் எடுத்து, பிறகு கொழும்பிலோ பேராதனையிலோ மருத்துவ பௌதிகவியலில் முதுமாணி செய்யலாம். புள்ளிவிபரவியல் படித்தால் இன்னும் நல்லது. மேலே சொன்ன 34, 31, 43 எல்லாம் ஒரு புள்ளிவிபரவியலாளர் தட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தன. கணினி படித்தவர்களுக்கு மரபணுத் தரவு வேலை இருக்கிறது. அதற்கு வேண்டியது மடிக்கணினியும் இணையமும். உப்புவெளியில் இருந்துகொண்டும் செய்யலாம்.

பயோ பிள்ளைகளுக்கு மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிட்டது மாதிரி வீட்டில் அழுகை நடக்கும். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கதிரியல், தாதியியல், மூலக்கூற்று உயிரியல் எல்லாமே ஆராய்ச்சிக்குள் போகும் வாசல்கள்தான். நான் போனது அதில் ஒன்றால். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம், மூலக்கூற்று உயிரியல், உயிர்த் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு நிறுவகம் இருக்கிறது. பட்டப்படிப்புக்குப் பிறகு அந்தப் பக்கமும் விசாரித்துப் பாருங்கள்.

"நான் வேலையில் இருக்கிறேன். வெளிநாட்டில் பயிற்சி எடுக்க என்ன வழி?"

தாதி, வைத்தியர், ஆய்வுகூட ஆள் என்று யாராக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஜெனீவாவில் இருக்கும் யு.ஐ.சி.சி. என்ற சர்வதேசப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியம் தரும் தொழில்நுட்பப் பயிற்சி உதவித்தொகை. ஒரு மாதம் அளவில் இன்னொரு நாட்டு நிலையத்துக்குப் போய் ஒரு குறிப்பிட்ட வேலையைக் கற்றுத் திரும்புவது. கஷ்டமான பகுதி விண்ணப்பம் இல்லை, ஏற்றுக்கொள்ளும் நிலையத்தின் கடிதம். அதற்கு நீங்களே எழுத வேண்டும். "எனக்குப் புற்றுநோயில் ஆர்வம்" என்று எழுதினால் பதில் வராது. "எங்கள் கிளினிக்கில் இன்ன குறை, உங்களிடம் இன்ன முறை இருக்கிறது, திரும்பி வந்து இதைச் செய்வேன்" என்று ஒரு பக்கத்தில் எழுதினால் வரும்.

லியோன் முகவரகம் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கு முனைவர் பட்டத்துக்குப் பிந்திய இடங்களும் கோடைப் பள்ளியும் நடத்துகிறது. இளம் ஒன்கோலஜி வைத்தியர்களுக்கு அஸ்கோவில் ஐடியா என்ற விருது இருக்கிறது, ஒரு வழிகாட்டியோடு சேர்த்துவிடுவார்கள். அணு விஞ்ஞானம் சார்ந்த முதுமாணி படிக்கும் பெண்களுக்கு சர்வதேச அணுசக்தி முகவரகம் மேரி கியூரி பெயரில் உதவித்தொகை தருகிறது. இங்கிலாந்துக்கு என்றால் பொதுநலவாய உதவித்தொகை. திகதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், அந்தந்த நிறுவனத்தின் பக்கத்திலேயே பாருங்கள்.

"துபாயில் புற்றுநோய் மாநாட்டில் பேச அழைப்பு வந்திருக்கிறது!"

வளாகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை மின்னஞ்சலைக் காட்டினாள். "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தொடங்கியது. அவள் இரண்டாம் வருடம்.

இது வியாபாரம். பதிவுக் கட்டணம் என்று நூற்றுக்கணக்கான டொலர் கேட்பார்கள். போனால் ஒரு ஹோட்டல் அறையில் பத்துப் பேர் இருப்பார்கள். கண் மருத்துவரும் மண் விஞ்ஞானியும் ஒரே மேடையில் பேசுவார்கள். இரண்டு நாளில் கட்டுரையைப் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் சஞ்சிகைகளும் இதே குடும்பம். உண்மையான மாநாட்டுக்கு நீங்கள்தான் சுருக்கம் அனுப்பிக் காத்திருப்பீர்கள், பாதித் தடவை நிராகரிப்பார்கள். நிராகரிப்பு வருவது நல்ல அறிகுறி என்று அவளுக்குச் சொன்னேன். அவ்வளவாக நம்பவில்லை.

"நமது சித்த மருத்துவத்தில் மருந்து இருக்கும்போது இவர்கள் ஏன் தேடிக்கொண்டிருக்கிறார்கள்?"

வாசலில் நிற்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். கோயிலுக்குப் பிடுங்கும் அதே பூச்செடி. 1950களில் கனடாவில் ரொபர்ட் நோபிள் என்ற ஆய்வாளருக்கு ஜமேக்காவிலிருந்து கொஞ்சம் இலை வந்தது. அங்கே சலரோகத்துக்கு அவித்துக் குடிப்பார்களாம். அவர் சோதித்தார். சீனி குறையவில்லை. ஆனால் விலங்குகளின் வெண்குருதிக் கலங்கள் கடகடவென்று குறைந்தன. வெண்குருதிக் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தானே இரத்தப் புற்றுநோய்? அந்த யோசனையோடு அவரும் சார்ள்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்கு ஏற்றும் மருந்துகளில் அது ஒன்று. கீமோ என்றால் "ஆங்கில மருந்து" என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நாட்டு மருந்து துப்புக் கொடுத்தது, ஆனால் துப்பு சொன்ன நோய் வேறு. நடுவில் சோதனை இல்லாவிட்டால் அது சலரோகக் கசாயமாகவே இருந்திருக்கும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. மூலிகை தெரிந்த பிள்ளைகளும் ஆய்வுகூடம் தெரிந்த பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் நான் மிகவும் சந்தோசப்படுவேன்.

கடலையும் மறக்கவேண்டாம். சைட்டரபின் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்து கரீபியன் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட சேர்மத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது, 1969இல் அனுமதி. எரிபுலின் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து ஜப்பானியக் கடற்பஞ்சிலிருந்து பிறந்தது, 2010இல் அனுமதி. இதை வகுப்பில் சொன்னவுடன் ஒருவன் புறாத்தீவுக்குப் போய்ப் பஞ்சு பிடுங்கி வரட்டுமா என்றான். அது தேசியப் பூங்கா. பிடுங்கினால் ஆராய்ச்சிக்கு முன் பொலிசுக்குப் போக வேண்டி வரும்.

"அப்போ நித்தியகல்யாணி இலையை அவித்துக் குடிக்கலாமா?"

கூடவே கூடாது. நஞ்சு. மருந்தாகக் கொடுக்கும்போதே மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தம் பார்த்து, நரம்பு பார்த்துக் கொடுக்கிறார்கள்.

"நாங்கள் சாதாரண ஆட்கள். எங்களால் ஆராய்ச்சிக்கு என்ன ஆகும்?"

நான் மிகவும் எதிர்பார்க்கும் கேள்வி இது. மிகக் குறைவாக வருவதும் இதுதான்.

முகவரியைச் சரியாகக் கொடுங்கள். பகிடி இல்லை. இலங்கையின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 1985 முதல் பெரும்பாலும் சிகிச்சை கொடுக்கும் வைத்தியசாலைகளின் பதிவுகளை வைத்தே எழுதப்படுகிறது. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர் கொழும்பு வெள்ளவத்தையில் தங்கியிருக்கும் உறவினர் வீட்டு முகவரியை எழுதிக் கொடுக்கிறார், கடிதம் வசதியாக வரும் என்று. அந்த நோயாளி எண்ணிக்கையில் கொழும்புக்காரர் ஆகிவிடுகிறார். திருகோணமலையில் நோய் குறைவு போலத் தெரியும். இயந்திரம், வைத்தியர், கிளினிக் எல்லாம் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பங்கிடப்படும். ஆகவே நிரந்தர முகவரி என்ற இடத்தில் ஊர் முகவரியை எழுதுங்கள், தங்குமிடத்தைத் தனியாகச் சொல்லுங்கள். என்ன வேலை செய்தீர்கள், வெற்றிலை போட்டீர்களா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது தாள்கள். டயக்னோசிஸ் கார்ட், பயோப்சி அறிக்கை, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். மாமியின் பயோப்சி அறிக்கை இரண்டு வைத்தியசாலைகளுக்கு நடுவில் எங்கேயோ தொலைந்து, திரும்ப ஊசி குத்தி எடுக்க வேண்டி வந்தது. ஆறு கிழமை போய்விட்டது.

"பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசி போடப் போகிறார்களாம். கையெழுத்து வைக்கவா?"

அது எச்.பி.வி. தடுப்பூசி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசுக்கு எதிரானது. இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகப் போடுகிறது.

இந்த ஊசியின் கதையிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்தியாவில் 2009இல் இரண்டு ஊசியா மூன்று ஊசியா நல்லது என்று ஒப்பிட ஒரு ஆய்வு தொடங்கினார்கள். 2010இல் வேறு காரணங்களுக்காக அரசு எல்லா எச்.பி.வி. ஆய்வுகளையும் நிறுத்திவிட்டது. சேர்ந்திருந்த 17,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளில் 5,000 அளவிலானோர் ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் கைவிடவில்லை, அந்தப் பிள்ளைகளைப் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். ஒரு ஊசியே நன்றாகக் காத்தது தெரிந்தது. கென்யாவில் நடந்த ட்ரயலும் அதையே சொன்னது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசியும் போதும் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் எத்தனை ஊசி போடுவது என்பதை ஒவ்வொரு நாடும் தீர்மானிக்கும். உங்கள் பிள்ளைக்கு எத்தனை என்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேளுங்கள்.

கையெழுத்து வையுங்கள். உங்களுக்கு 35 வயது ஆகிவிட்டதென்றால் அதே அலுவலகத்தில், பெண்களைப் பரிசோதிக்கும் வெல் வுமன் கிளினிக் எந்த நாள் என்று உங்களுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.